நிகர்வாய் ஒருவாய் இயைபு: நூற்பாவும் விளக்கவுரையும்

நிகர்வாய் ஒருவாய் எனவிரு திறத்துள்
நிகர்மை என்பது தடைநிகர் தானே;
ஒருவாய் நின்றும் நிகர்வாய் புகுவுழி
இருகம் பியுமொரு போர்வையும் கொண்டு
மூன்றன் கம்பியும் போர்வையும் ஒருங்கே
தோன்றிடத் தருகே தொடுத்தல் வேண்டும்;
நிகர்வாய் நின்றும் ஒருவாய் புகுவுழி
வகையறிந் தல்லது மூன்றனைத் தளையேல்;
அளவும் நோக்குக; ஐயம் உளதேல்
மாற்றி இடைப்பெய் தறுக்க முரலே;
மண்ணூசி களைதல் எஞ்ஞான்றும் இன்றே.

என்பது நூற்பா.

இஃது என்னுதலிற்றோ எனின், இல்லத்து இசைக்கருவித் தொகுதியுள் பேலன்ஸ்டு என வழங்கும் வாயுடைய கருவியையும், சிங்கிள்-எண்டட் என வழங்கும் வாயுடைய கருவியையும் தம்முள் இயைக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

இவ்விரண்டும் ஓரில்லத்துள் எதிர்ப்படுமாறு யாங்ஙனம் எனின், சிடி பிளேயர், டிஏசி, இசைத்தட்டுக்குரிய ஃபோனோ பிரீஆம்ப் ஆகியன பெரும்பாலும் ஆர்.சி.ஏ. வாய் உடையன. ஒலிப்பதிவுக்கூடத்திற்கென ஆக்கப்பட்ட ஆக்டிவ் ஸ்பீக்கரும் பவர் ஆம்பிளிஃபயரும் எக்ஸ்.எல்.ஆர். வாய் உடையன. கூடத்துக் கருவிகளை வீட்டிற்கு வாங்குவோர் பலராயினமையின், இருவகையும் ஒரு மேசைமேல் கூடுதல் இன்று இயல்பாயிற்று. கடையில் கிட்டும் ஏதோ ஓர் அடாப்டரைச் செருகிய பின்னர் இசையோடு ஓர் உறுமலும் எழக்கண்டு, கருவியின்மேல் குற்றம் ஏற்றுவார் உளர். குற்றம் கருவியினது அன்று, இயைபினது என்று தெளிவித்தற்கே இந்நூற்பா எழுந்தது.

இதன் பொழிப்பு: நிகர்வாய், ஒருவாய் என்னும் இருவகையுள் நிகர்வாயின் நிகர்மையாவது இரு கம்பிகளின் தடை ஒத்திருத்தலே; ஒருவாயிலிருந்து நிகர்வாய்க்குச் செல்லுமிடத்து இரு கம்பியும் ஒரு போர்வையும் உடைய கேபிளைக் கொண்டு, மூன்றாம் ஊசிக்குரிய கம்பியையும் போர்வையையும் ஒலி தோன்றும் கருவியின் பக்கத்தே ஒன்றாகப் பிணிக்க; நிகர்வாயிலிருந்து ஒருவாய்க்குச் செல்லுமிடத்து வாயின் வகை அறிந்தாலன்றி மூன்றாம் ஊசியை மண்ணோடு பிணிக்கற்க; மின்னழுத்த அளவையும் பார்க்க; ஐயம் இருப்பின் மின்மாற்றியை இடையிலிட்டு உறுமலை ஒழிக்க; எர்த் ஊசியை நீக்குதல் எக்காலத்தும் இல்லை என்றவாறு.

இனிச் சொற்பொருள் உரைப்பாம்.

நிகர்வாய் ஒருவாய் எனவிரு திறத்துள் என்பது: வாய் என்றது கம்பி செருகும் இடத்தை. ஒலி புகுதற்கும் புறப்படுதற்கும் இடமாகலின் வாய் எனப்பட்டது. நிகர்வாய் என்றது பேலன்ஸ்டு வாயினை. அது பெரும்பான்மையும் மூன்றூசியுடைய எக்ஸ்.எல்.ஆர். வடிவிற்று. அவற்றுள் முதலூசி போர்வைக்கும், இரண்டாமூசி ஒலிக்கும், மூன்றாமூசி அதன் எதிர்க்கும் உரியன. இம்முறைமை முற்காலத்து எங்கும் ஒன்றாய் நின்றதன்று. பழைய அமெரிக்கக் கருவிகள் சிலவற்றில் மூன்றாமூசியே ஒலிக்கு முதலாய் நின்றது. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 1992-இல் வெளியிட்ட 14 ஆம் நெறி, இரண்டாமூசியே முதல் என வரையறுத்தது. பழங்கருவி ஒன்றைப் புதுக்கருவியோடு இணைப்போன் இதனை நினைவிற் கொள்க. இடம் வலம் இரண்டனுள் ஒன்று மட்டும் தலைமாறின், அடிக்குரல் மெலிந்து, பாடுவோன் நடுவே நில்லாது யாண்டோ சிதறி ஒலிப்பான்.

ஒருவாய் என்றது சிங்கிள்-எண்டட் வாயினை. ஒலி ஒரு கம்பியிலேயே நிற்ப, மற்றையது மண்ணோடு கூடிய வளையமாதலின் 'ஒரு' என அடைகொடுத்தார். ஆர்.சி.ஏ. என்பது ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்னும் நிறுவனப் பெயரின் சுருக்கம். கிராமபோன் கருவியை வானொலிப்பெட்டியோடு இயைத்தற்கு 1930-களில் எழுந்த எளிய செருகி, எளிமையானே நிலைபெற்றது. அதற்கு ஒரு குறையுண்டு. செருகும்போது நடுவூசி முன்னரும் வளையம் பின்னரும் தொடும். அவ்விடைப்பொழுதில் ஸ்பீக்கரில் பேரிரைச்சல் எழும். எக்ஸ்.எல்.ஆர். வாயிலோ முதலூசி முற்படத் தொடும். ஆகலின் ஆர்.சி.ஏ. செருகுங்கால் ஆம்பிளிஃபயரை அணைத்துச் செருகுக என்பது உரையிற் கோடல்.

நிகர்மை என்பது தடைநிகர் தானே என்பது: இவ்வடியே இந்நூற்பாவின் உயிர். ஏனையடிகள் எல்லாம் இதன்வழிப் பிறந்தன. ஆகலின் மாணாக்கன் ஈண்டு விரையாது நிற்க.

தடை என்றது இம்பீடன்ஸ் எனப்படுவதனை. தடைநிகர் என்பது தடையினது நிகர் என விரியும். தானே என்புழி ஏகாரம் தேற்றமும் பிரிநிலையும் ஆயிற்று. வேறொன்றன்று, இதுவே என்றவாறு. பிரித்தது எதனை எனின், 'இரண்டாமூசியில் ஒலி மேலெழுங்கால் மூன்றாமூசியில் அவ்வளவே கீழிறங்கும். அவ்வெதிர்மையே நிகர்மை' என்னும் கூற்றினை. இக்கூற்றுப் பலர் வாயினும் வழங்குவதாகலின் ஆசிரியர் ஏகாரத்தால் விலக்கினார்.

அஃதேல், எதிரெதிர் ஒலியால் அன்றோ இரைச்சல் கழிகின்றது எனின், அற்றன்று. என்னை? நிகர்வாய்க் கருவி செய்வது ஒன்றே: இரண்டாமூசிக்கும் மூன்றாமூசிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கொண்டு, இரண்டிற்கும் பொதுவாய் வந்ததை ஒழித்தல். புறத்திருந்து புகும் இரைச்சல் இரு கம்பியிலும் ஒரே அளவிற்றாய் வரின் முற்றும் கழியும். ஒரே அளவிற்றாய் வருதற்கு ஏது யாது? இரு கம்பியும் மண்ணை நோக்கிக் கொண்டுள்ள தடை ஒத்திருத்தல். ஒலி எத்தன்மைத்தாய் ஓடுகின்றது என்பது இதனுள் யாண்டும் புகாது. பள்ளியில் வீட்ஸ்டன் சமனச்சுற்று பயின்றோர்க்கு இஃது எளிதின் விளங்கும். தரும் கருவியின் இரு தடை, பெறும் கருவியின் இரு தடை என நான்கு கைகள் உள. அவை விகிதத்தால் ஒப்பின் நடுவே ஒன்றும் தோன்றாது. ஒரு கை பிறழின் பிறழ்ந்த அளவிற்கு இரைச்சல் தோன்றும்.

இதற்குக் கண்கூடான சான்று, இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் உள்ள இம்பீடன்ஸ்-பேலன்ஸ்டு என்னும் வாய். அதன்கண் ஒலி இரண்டாமூசியில் மட்டுமே உண்டு. மூன்றாமூசியில் ஒலி சிறிதும் இன்று. இரண்டாமூசியின் தடைக்கு ஒத்த ஒரு ரெசிஸ்டர் மட்டும் மண்ணோடு கூடி நிற்கும். நின்றும், இரைச்சல் கழிதலில் அது குறைவுபடாது. எதிரொலியே நிகர்மை எனின் இது நிகழ்தற்கு இடனின்று. எதிரொலியால் வரும் பயன் வேறு: அழுத்தம் இருமடங்காகும். அஃது அளவின்பாற் படுவது. பின்னர் 'அளவும் நோக்குக' என்புழிக் கூறுதும்.

பெறும் கருவியை ஆய்வோர் நெடுங்காலம் இரு கையும் துல்லியமாய் ஒத்த ஊற்றைக் கொண்டே அதன் வல்லமையை அளந்தனர். மெய்யான கருவிகளில் அத்துல்லியம் காணப்படாது. பில் விட்லாக் என்னும் பொறியாளர் இக்குறையை எடுத்துரைப்ப, பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு தன் 60268-3 ஆம் நெறியை 2000-இல் திருத்தி, 10 ஓம் பிறழ்ச்சியை வேண்டுமென்றே இட்டு அளக்கும் முறையை மேற்கொண்டது. தடைநிகர் என்னும் சொல்லின் பெருமை இதனாற் பெறப்படும்.

இந்நெறி தொலைபேசியிற் பிறந்தது. மின்கம்பிகளை ஒட்டிக் கல்லும் காடும் கடந்து ஓடிய தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் புகாமற் காத்தற்பொருட்டு, கிரகாம் பெல் 1881-இல் இரு கம்பியை முறுக்கி ஓட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். அக்கம்பிகள் காவதக்கணக்கில் ஓடின. இல்லத்துக் கம்பியோ ஒரு மீட்டர், இரு மீட்டர். ஆகலின், நல்ல ஒருவாய்க் கருவி இரண்டைக் குறுங்கம்பியால் இணைத்தான் ஒருவன் தாழ்வுற்றான் அல்லன் என்று உணர்க. நிகர்வாய் இன்றேல் இசையின்று என்பாரை ஆசிரியர் உடன்பட்டிலர். உடன்பட்டிருப்பின் ஒருவாயைத் திறத்துள் ஒன்றாக எண்ணியிரார்.

ஒருவாய் நின்றும் நிகர்வாய் புகுவுழி என்பது: நின்றும் என்பது நீங்கற்பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு. புகுவுழி, புகுமிடத்து. டிஏசியின் ஆர்.சி.ஏ. வாயிலிருந்து ஆக்டிவ் ஸ்பீக்கரின் எக்ஸ்.எல்.ஆர். வாய்க்குக் கம்பி செல்லுங்கால் என்றவாறு. இதனை முற்கூறினார், இல்லத்தில் மிகவும் நிகழ்வது இதுவாகலின்.

இருகம்பியும் ஒரு போர்வையும் கொண்டு என்பது: போர்வை என்றது ஷீல்டு எனப்படும் வலையுறையை, உவமையாகுபெயர். மேனியைப் போர்வை காத்தல்போல உள்ளே ஓடும் கம்பியைப் புறத்து மின்புலத்தினின்றும் காத்தலின். உம்மைகள் எண்ணின்கண் வந்தன. எண்ணிக் கூறியது என்னையெனின், ஆர்.சி.ஏ. கேபிளில் இயல்பாகவே ஒரு கம்பியும் ஒரு போர்வையும் மட்டுமே உள. அதன் ஒரு தலையை அறுத்து எக்ஸ்.எல்.ஆர். செருகியைப் பற்றவைத்தல் பலர் செய்வது. அங்ஙனம் செய்யற்க, மைக் கேபிள் என்று கடையில் விற்கும் இருகம்பிக் கேபிளையே கொள்க என்பது தோன்ற எண்ணினார்.

மூன்றன் கம்பியும் போர்வையும் ஒருங்கே தோன்றிடத்தருகே தொடுத்தல் வேண்டும் என்பது: மூன்று என்றது மூன்றாமூசியை, எண்ணலளவை ஆகுபெயர். தோன்றிடம், ஒலி தோன்றும் கருவி. தொடுத்தல், பற்றவைத்துப் பிணித்தல்.

கம்பியமைக்குமாறு: எக்ஸ்.எல்.ஆர். தலையில் போர்வை முதலூசிக்கும், ஒரு கம்பி இரண்டாமூசிக்கும், மற்றொரு கம்பி மூன்றாமூசிக்கும் செல்க. ஆர்.சி.ஏ. தலையில் இரண்டாமூசியின் கம்பி நடுவூசிக்குச் செல்க. மூன்றாமூசியின் கம்பியும் போர்வையும் ஒன்றாய்க் கூடி வளையத்திற்குச் செல்க.

அஃதேல், ஈற்றில் மூன்றன் கம்பியும் போர்வையும் கூடுவன தாமே. எந்தத் தலையிற் கூடின் என்னை? எக்ஸ்.எல்.ஆர். தலையிலேயே முதலூசியையும் மூன்றாமூசியையும் கூட்டி, ஒரு கம்பியால் முடிக்கலாகாதோ எனின், ஆகாது. இதுவே ஈண்டு அறியற்பாலது.

இரு கருவியின் பெட்டிகளும் மின்னூட்டத்தால் ஒன்றற்கொன்று சிறிது வேறுபட்ட அழுத்தத்தில் நிற்கும். அவற்றைப் போர்வை இணைத்த அளவிலே, அவ்வேறுபாட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒன்று போர்வைவழி ஓடும். போர்வைக்கும் ஒரு தடையுண்டு. அது 0.1 ஓம் எனக் கொள்க. ஓட்டம் 100 மில்லியாம்பியர் எனக் கொள்க. போர்வையின் இருதலைக்கும் இடையே 10 மில்லிவோல்ட் பிறக்கும். வீட்டுக் கருவிகளின் இயல்பான ஒலியளவு 316 மில்லிவோல்ட் ஆகலின், இவ்வுறுமல் இசைக்கு 30 டெசிபெல் மட்டுமே கீழ்ப்பட்டு நிற்கும். மெல்லிய ஆலாபனையின் இடையே அது தெளிவாய்க் கேட்கும்.

எக்ஸ்.எல்.ஆர். தலையிற் கூட்டினால், அந்த 10 மில்லிவோல்ட் ஒலிக்கம்பிக்கும் மூன்றாமூசிக்கும் இடையே நேரே வந்து இசையொடு கலக்கும். நிகர்வாயின் வல்லமை ஒன்றற்கும் உதவாது. தோன்றிடத்திற் கூட்டினாலோ, மூன்றாம் கம்பி தானொரு மின்னோட்டமும் சுமவாது, தோன்றிடத்து மண்ணின் நிலையை அப்படியே சுமந்துவந்து பெறும் கருவிக்கு உரைக்கும். ஒலிக்கம்பியும் அந்நிலையின்மேலேயே நிற்றலின், உறுமல் இரண்டிற்கும் பொதுவாகி ஒழியும். போர்வை மின்னோட்டத்தைச் சுமக்கும். மூன்றாம் கம்பி செய்தியைச் சுமக்கும். சுமப்போனையும் செய்தி கொணர்வோனையும் ஒருவனாக்கற்க என்பதே 'ஒருங்கே தோன்றிடத்தருகே' என இடம் வரைந்து கூறியதன் கருத்து. அருகே என்புழி ஏகாரம் பிரிநிலை. ஆண்டன்றி ஈண்டன்று என்றவாறு.

இனி, இவ்வியைபில் தடைநிகர் முற்றும் உண்டோ எனின், இன்று. நடுவூசிக்கு ஊற்றுத்தடை சில நூறு ஓம். வளையத்திற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 500 ஓம் பிறழ்ச்சியும், பெறும் கருவியின் ஒவ்வோர் ஊசிக்கும் மண்ணை நோக்கிய தடை 10,000 ஓமும் ஆயின், பொதுவாய் வந்ததில் 21-இல் ஒரு பங்கு எஞ்சும். ஆயினும் முன்னை இயைபில் முழுதும் கலந்தது ஈண்டு 21-இல் ஒரு பங்காயிற்று அன்றோ? ஒரு கம்பி கூடுதலாய் இட்டதன் பயன் இத்துணைத்து. பெறும் கருவி மின்மாற்றி உடையதாயின் எஞ்சுவது இதனினும் மிகச் சிறிதாம்.

போர்வை முதலூசிக்குச் செல்லும் என்றோம். முதலூசி கருவியினுள்ளே எங்குச் செல்கின்றது என்பதும் ஒரு வினா. அது பெட்டியின் உலோகத்திற்கு நேரே செல்லல் வேண்டும். உள்ளே ஒலிச்சுற்றின் மண்ணிற்குச் சென்றால், போர்வை சுமந்த இரைச்சல் எல்லாம் சுற்றினுள்ளே புகும். நீல் மன்சி என்பார் 1990-களின் இடையில் இக்குற்றத்தை 'முதலூசிச் சிக்கல்' எனப் பெயரிட்டு விளக்கினார். சொசைட்டியின் 48 ஆம் நெறி 2005-இல் இதனை விதியாக்கிற்று. இக்குற்றமுடைய கருவியைக் கேபிளால் திருத்தல் அரிதாகலின் நூற்பா இதனை விரித்திலது.

நிகர்வாய் நின்றும் ஒருவாய் புகுவுழி என்பது: எக்ஸ்.எல்.ஆர். வாயிலிருந்து ஆர்.சி.ஏ. வாய்க்குச் செல்லுமிடத்து. தருங்கருவியில் ஆர்.சி.ஏ. வாயும் உடனிருப்பின் அதனையே கொள்க, மாற்றியிணைத்தல் வேண்டா. அவ்வாய் இல்லாவழியே இவ்விதி என்க.

வகையறிந்தல்லது மூன்றனைத் தளையேல் என்பது: தளையேல், எதிர்மறை ஏவலொருமை, மண்ணோடு பிணிக்கற்க என்றவாறு. முன்னையதில் 'வேண்டும்' என விதித்தவர் ஈண்டு 'ஏல்' என விலக்கியது என்னை? முன்னையதற்கு ஒரு நெறியே எஞ்ஞான்றும் பொருந்தும். இதற்கு ஒரு நெறி பொருந்தாது. பிழைப்பின் கருவி கெடுதலும் உண்டு.

வகை நான்கு. மின்மாற்றி உடைய வாய் ஒன்று: அதன் இரு தலையும் மண்ணைப் பற்றாது மிதப்பன. மூன்றாமூசியை மண்ணோடு பிணித்தாலன்றிச் சுற்று முற்றுப்பெறாது, ஒலி மெலியும். பிணிக்குங்கால் பெறும் கருவியின் தலையிற் பிணிக்க. கிராஸ்-கப்பிள்ட் எனப்படுவது மற்றொன்று: மின்மாற்றிபோல் ஒழுகுமாறு சுற்றால் ஆக்கப்பட்டது. எஸ்.எஸ்.எம்.2142, டி.ஆர்.வி.134 என்னும் சில்லுகள் இவ்வகையின. இதற்கும் பிணித்தல் வேண்டும்; தரும் கருவியின் தலையிலேயே வேண்டும்; தொலைவிற் பிணித்தால் சுற்று நிலைகுலைதல் உண்டு. மூன்றாவது, இரண்டாமூசிக்கு ஒன்றும் மூன்றாமூசிக்கு ஒன்றுமாக ஒலி தரும் இரண்டு ஆம்பிளிஃபயர் உடையது. வீட்டு டிஏசிகளுள் மிக்கன இவ்வகையே. இதன் மூன்றாமூசியை மண்ணோடு பிணித்தல் ஓர் ஆம்பிளிஃபயரைக் குறுக்குச்சுற்றில் ஓட்டுதலாகும். அது சூடேறும், ஒலி திரியும், சில கருவி கெடும். இதனை மனத்துட்கொண்டே ஆசிரியர் 'தளையேல்' என்றார். இதற்கு இரண்டாமூசியும் முதலூசியுமே கொண்டு, மூன்றாமூசியை வெறுமனே விடுக. நான்காவது, மேற்கூறிய இம்பீடன்ஸ்-பேலன்ஸ்டு. பிணிப்பினும் விடினும் ஒக்கும்.

வகை அறியுமாறு யாது எனின், கருவியின் கையேடு முதற்சான்று. அஃதின்றேல், கருவியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, மல்ட்டிமீட்டரால் இரண்டாமூசிக்கும் மூன்றாமூசிக்கும் இடையே அளக்க. சில பத்து ஓம் காட்டி, முதலூசிக்கு ஒன்றும் காட்டாதாயின் பெரும்பாலும் மின்மாற்றியாம். ஏனையவற்றை மீட்டரால் துணிதல் அரிது. ஆண்டு மூன்றனை விடுதலே நன்று. விட்டவழி ஒலி குறைந்தும் மெலிந்தும் தோன்றின் பிணிக்க வேண்டிய வகையென்று பின் அறிந்து திருத்தலாம். பிணித்துக் கெட்டதைத் திருத்தல் எளிதன்று. கடையில் விற்கும் எக்ஸ்.எல்.ஆர்.–ஆர்.சி.ஏ. அடாப்டர்களுள் பல உள்ளேயே முதலூசியையும் மூன்றாமூசியையும் பிணித்து வருவன. மீட்டரால் சோதித்தன்றிச் செருகற்க.

அளவும் நோக்குக என்பது: உம்மை இறந்தது தழீஇய எச்சவும்மை. இணைக்கும் முறையேயன்றி அளவும் என்றவாறு. கூடத்துக் கருவிகளின் இயல்பளவு 1.228 வோல்ட், வீட்டுக் கருவிகளினது 0.316 வோல்ட். ஏறக்குறைய நான்கில் ஒன்று, 11.8 டெசிபெல் வேற்றுமை. கூடத்து டிஏசி உச்சத்தில் 12 வோல்ட் வரை தருதல் உண்டு. அதனை, 2 வோல்ட் தரும் சிடி பிளேயருக்கென ஆக்கிய வீட்டு ஆம்பிளிஃபயரிற் புகுத்தின் முதற்படியிலேயே ஒலி நெரியும். ஒலியளவுத் திருகைக் குறைப்பினும் தீராது, நெரிதல் திருகிற்கு முன்னரே நிகழுமாயின். இடையே அட்டெனுவேட்டர் இடுக. மறுதலையாய், வீட்டு பிரீஆம்பிலிருந்து ஆக்டிவ் ஸ்பீக்கருக்குச் செல்லுங்கால் ஒலி தாழ்ந்து தோன்றின், ஸ்பீக்கரின் பின்புறத்து சென்சிட்டிவிட்டி விசையை மாற்றுக. மூன்றாமூசியை வெறுமனே விட்டவழி அழுத்தம் பாதியாதலும், அஃதாவது 6 டெசிபெல் குறைதலும் இதனுள் அடங்கும்; அது பழுதன்று.

ஐயம் உளதேல் மாற்றி இடைப்பெய்து அறுக்க முரலே என்பது: ஐயம், வாயின் வகை அறியாமையும் உறுமலின் ஊற்று அறியாமையும். மாற்றி, ஒலிக்குரிய மின்மாற்றி. இடைப்பெய்து, இரு கருவிக்கும் நடுவே இட்டு. முரல் என்பது முதனிலைத் தொழிற்பெயர். ஹம் எனப்படும் உறுமல். ஈற்றேகாரம் அசை.

மின்மாற்றியின் இரு சுருளுக்கும் இடையே கம்பித்தொடர்பு சிறிதும் இன்று. ஒலி காந்தப்புலத்தால் கடக்கும்; ஒரு பெட்டியின் மண்ணிலிருந்து மற்றதன் மண்ணிற்கு ஓடும் மின்னோட்டத்திற்கு வழி அற்றுப்போம். எவ்வகை நிகர்வாயும் இதனை ஏற்கும். எவ்வகை ஒருவாயும் ஏற்கும். ஆகலின் 'ஐயம் உளதேல்' என ஒரு சொல்லால் எல்லாவற்றையும் அடக்கினார். பெறும் கருவியை ஒட்டியே வைக்க. அதற்குப்பின் செல்லும் கேபிள் ஒரு மீட்டருக்கு உட்பட்டிருக்க. மலிந்த விலையில் கிடைப்பன சிறிய இரும்பகம் உடையன. மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்குங்கால் அவை திணறும். நிக்கல் கலந்த அகமும் உட்போர்வையும் உடையனவே இசைக்கு ஆவன.

மின்மாற்றி வாங்குமுன் ஊற்றைத் தேடுக. ஒலியளவைக் குறைத்து, ஆம்பிளிஃபயரை அணைத்து, ஒவ்வொரு கேபிளாய் நீக்கிப் பின் இயக்கிக் கேட்க. எது நீங்க உறுமல் நீங்கியதோ அதுவே ஊற்று. டிவியும் தொகுதியில் இணைந்திருப்பின், வெளியிலிருந்து வரும் கேபிள் டிவிக் கம்பியை முதற்கண் கழற்றிப் பார்க்க. அதன் போர்வை வேறோரிடத்து மண்ணைக் கொணர்ந்து வீட்டு மண்ணோடு வளையமாக்குதல் மிகுதியும் காணப்படுவது.

மண்ணூசி களைதல் எஞ்ஞான்றும் இன்றே என்பது: மண்ணூசி, மூன்றூசி மின்செருகியின் மேலே நிற்கும் நீண்டு பருத்த எர்த் ஊசி. களைதல், முறித்தலும், இரண்டூசி அடாப்டரில் செருகி அதனைப் பயனிலதாக்கலும். ஏனையவெல்லாம் 'நோக்குக', 'அறுக்க', 'தளையேல்' என ஏவலானும் வியங்கோளானும் கூறி, இதனை மட்டும் 'இன்று' எனக் கூறியது என்னை? ஏவல் மீறப்படுவது, இன்மை மீறப்படாதது. செய்யற்க என்னாது, அப்படியொரு செயலே இல்லை என்றார். எஞ்ஞான்றும் என்ற முற்றும்மை, 'இன்றொருநாள் பாட்டு முடியுமளவும்' என்பார்க்கும் விலக்காயிற்று.

இதனை இறுதியில் வைத்தது, உறுமலால் வருந்தினோன் இறுதியில் வந்து நிற்குமிடம் இதுவாகலின். எர்த் ஊசியைக் களைந்தால் வளையம் அறும், உறுமலும் அடங்கும். அடங்குதலே அதன் கொடுமை. கருவியினுள் 230 வோல்ட் கம்பி ஒன்று பெட்டியில் பட்டால், எர்த் உள்ளவழி பெருமின்னோட்டம் ஓடி ஃபியூஸ் உருகும், அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லாவழி அப்பெட்டி உயிர்பற்றி நிற்கும். அம்மின்னோட்டம் ஒலிக்கேபிளின் மெல்லிய போர்வைவழி அடுத்த கருவிக்கும், திருகைத் தொட்ட கைவழி நிலத்திற்கும் ஓடும். கருவிக்கு எர்த் இருந்தும் சுவரிலுள்ள செருகுவாயில் எர்த் கம்பியே இணையாதிருத்தல் பல வீடுகளில் உண்டு. மின்பணியாளரைக் கொண்டு அதனையும் சோதிப்பிக்க. இரண்டூசியோடே ஆக்கப்பட்டு வரும் இரட்டைக் காப்புடைய கருவிகள் இவ்விலக்கின்பாற் படா. அவற்றிற்கு மண்ணூசி தொடக்கத்திலேயே இன்று.

எர்த் முறித்த செருகி ஒன்று வீட்டில் இருக்குமாயின், கேபிள் பற்றவைக்கத் தொடங்குமுன் அதனை இன்றே மாற்றுக.